நாற்பது நாளும் சிவப்பு

தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அக்கா எதையுமே தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். தேங்காய், மண்சட்டி, பிளாஸ்டிக் குடம், எதுவானாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு. உத்தனப்பள்ளியில் எனக்கு வாடகைக்கு வீடு பார்க்கக் கூட வந்தவள், வீட்டுக்கார அம்மா காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் ஹால் சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இந்த எடத்துல உள்ள ஈரம் எறங்கியிருக்குது. மேல பூசிட்டுப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்றாள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்குக் கிடைக்கவிருந்த வீடும் போனது. வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன். அவள் அசரவில்லை. அடுத்த மழையில் அந்தச் சுவர் பெயர்ந்து விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குத் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அக்கா என்றுதான் கூப்பிட்டேனே தவிர, என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஓசூரில், வண்டிகளுக்கு இரும்பு வார்ப்புகள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் நான்கு வருடம் அடுத்தடுத்த பெஞ்சில் வேலை பார்த்தோம். காலை ஷிப்டுக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் அவள் ராயக்கோட்டையில் ஏறுவாள், நான் உத்தனப்பள்ளியில். எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருப்பாள். பிடித்துக் கொடுத்த இடத்துக்காக வழி முழுவதும் அவள் பேச்சைக் கேட்கவேண்டும். அவள் வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், வார்ப்பைத் தேய்க்கும் கிரைண்டிங் ஆட்களோடு கன்னடம். எண்ணுவதையும் திட்டுவதையும் மட்டும் எப்போதும் தெலுங்கில் செய்வாள்.

அவள் வேலையும் தட்டிப் பார்ப்பதுதான். வண்டிச் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வார்ப்பு இருக்கிறது, நாங்கள் நக்கிள் என்போம். அதில் விரிசல் இருந்து, அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால், ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் கழன்று தனியாகப் போய்விடும். அதனால் ஒவ்வொரு பீஸையும் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிக் கேட்கவேண்டும். நல்ல பீஸ் கணீரென்னும். விரிசல் விழுந்தது டொக்கென்னும். டொக் என்றால் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போட்டுச் சிவப்புப் பெட்டியில் தள்ளவேண்டும். கணீர் என்றால் வலதுபக்கம் தள்ளிவிட்டு, "போ சாமி" என்பாள். ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் பீஸ்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் ஒரு "போ சாமி". பெற்ற பெண்ணைக்கூட அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மனுஷர்களிடம் அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது.

"சந்தேகம்னா செவப்பு." இதுதான் அவள் சட்டம். பீஸுக்கு மட்டுமில்லை. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது, வெந்தயத்தை இப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிவிடும் என்று அனுப்பினால், அடுத்த நிமிஷம் அதன் கீழே அக்காவிடமிருந்து ஒரு சிவப்பு வட்டம் வந்து விழும். வேறு வார்த்தை இருக்காது. அனுப்பியவருக்கு ரோஷம் வந்து கேட்டால், "தப்புன்னு சொல்லல. எனக்குச் சந்தேகம்" என்பாள். தம்பி மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டபோதும் ஒரு சிவப்பு வட்டம் வைத்தாளாம். அந்தத் தம்பி ஆறு மாதம் அவளோடு பேசவில்லை.

ஷாப்பில், அதாவது நாங்கள் வேலை செய்யும் கூடத்தில், எங்கள் எல்லோருக்கும் காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்ற அடைப்பான் கொடுப்பார்கள். பக்கத்திலேயே கிரைண்டிங், அதற்கு அந்தப் பக்கம் மணல் தட்டும் மெஷின். அடைப்பான் இல்லாமல் பத்து நிமிஷம் நின்றால் மண்டைக்குள் வண்டு புகுந்தது போலிருக்கும். அக்காவுக்கு மட்டும் அடைப்பான் கிடையாது. காதை அடைத்துக்கொண்டால் பீஸ் சொல்வது எப்படிக் கேட்கும்? பதினோரு வருடம் அந்த இரைச்சலுக்கு நடுவில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உனக்கென்னக்கா, காதுல குத்தாம ஜாலியா இருக்கற" என்று நானே பொறாமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் அவள் பக்கத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆனபிறகு புதிதாக ஒரு பழக்கம் தொடங்கியது. ஒரு பீஸைத் தட்டுவாள். தலையைச் சாய்ப்பாள். இன்னொரு முறை தட்டுவாள். பிறகு என் தோளை இடித்து, அடைப்பானை எடுக்கச் சொல்லி, மூன்றாவது முறை தட்டிவிட்டு, "உனக்கு என்னா கேக்குது?" என்பாள்.

முதலில் பெருமையாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. என் வேலை அளவு பார்ப்பது. கையில் கேஜை வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குப் பத்து முறை தோளில் இடி விழுந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "எனக்கு என்னா பரீட்சையா வெக்கற? உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே, "சும்மா சொல்லு" என்றாள். கணீருன்னுதான் கேக்குது என்று சொன்னேன். "போ சாமி" என்று பீஸைத் தள்ளினாள்.

அதே சமயத்தில் அவளுடைய சிவப்புப் பெட்டி நிறையத் தொடங்கியது. முன்பெல்லாம் ஒரு ஷிப்டுக்கு அடியில் நாலைந்து பீஸ் கிடக்கும். இப்போது பெட்டி வழிந்தது. சூப்பர்வைசர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சிவப்புப் பீஸ்களை எடுத்துப்போய் வேறொருவரை வைத்துப் பரிசோதித்தார். திரும்பி வந்தபோது அவர் முகமும் சிவப்பாக இருந்தது.

"ஏம்மா, நீங்க கோடு போட்டதுல முக்காவாசி நல்ல பீஸு. உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்குச் சந்தேகமா இருந்துச்சு சார்."

"உங்க சந்தேகத்துக்கெல்லாம் நான் லாரிய நிறுத்தி வெக்க முடியுமா?"

"நிறுத்தாதீங்க சார். சந்தேகமில்லாததை ஏத்தி அனுப்புங்க."

எங்கள் லைனில் எல்லோருக்கும் அவள்மேல் கடுப்பு. அவள் தள்ளிய பீஸ்களையெல்லாம் மறுபடி பார்க்கும் வேலை எங்கள் தலையில்தான் விழுந்தது. வேண்டுமென்றே செய்கிறாள், தன்னால்தான் கம்பெனி ஓடுகிறது என்று காட்டுகிறாள் என்றார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். பஸ்ஸில் அவள் பிடித்துக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தவள்தான் நான். கேன்டீனில் அவள் முதுகுக்குப் பின்னால், "அதுக்குச் சந்தேக புத்தி முத்திப்போச்சு" என்று சொன்னவளும் நானேதான்.

அப்போதுதான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். பெங்களூரில் ஏதோ கல்லூரி. சிரித்த முகம், கன்னடம் கலந்த தமிழ். இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது வருடக்கணக்கில் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்களாம். காதுக்கு டெஸ்ட் கிடையாது, ஊசி கிடையாது. போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளவேண்டும். அது நாற்பது நாளைக்கு, நாம் போனை எவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்கிறோம், ஒரு வாய்ஸ் மெசேஜை எத்தனை முறை திருப்பிப் போடுகிறோம் என்று மட்டும் குறித்துக்கொள்ளும். பிறகு இஷ்டமிருந்தால் அந்தக் கணக்கை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம்.

"நீங்க யார் கூட பேசறீங்க, எது பேசறீங்க, அதெல்லாம் நமக்கு பேடா" என்றாள். வேண்டாம் என்பதற்கு அவள் வாயில் பேடாதான் வரும். "ரத்த தானம் மாதிரி இது. கொடுத்தா கொடுக்கலாம், இல்லன்னா பேடா."

எல்லோரும் டீ குடித்துக்கொண்டே தலையாட்டினோம். அக்கா மட்டும் சம்மதப் படிவத்தை வாங்கித் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை படித்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"எம்பேரு அதுல இருக்குமா?"

"இல்ல அக்கா. நம்பர் மட்டும். எந்த நம்பர் யாருதுன்னு எங்களுக்கே தெரியாது."

"கம்பெனிக்கு?"

"கம்பெனிக்குக் கொடுக்கவே மாட்டோம்."

"இதக் குடுத்தா எனக்கு என்னா நல்லது?"

அந்தப் பெண் கொஞ்சம் திணறினாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு."

அக்கா படிவத்தை மேஜைமேல் வைத்து, பழக்க தோஷத்தில் அதையும் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒண்ணுமில்லை என்று நேராகச் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

நாற்பது நாள் ஓடியது. கடைசி நாள் மதியம் கேன்டீனில் எல்லோரும் கூடினோம். ஆப்பைத் திறந்தால் நாற்பது நாளும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. சத்தம் அளவாக வைத்த நாள் பச்சை. அதிகமாக வைத்த நாள் சிவப்பு. கொடுக்க விருப்பமில்லாத நாளை அழித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். அது நம் உரிமையாம்.

எங்கள் லைனில் போன் விஷயத்தில் கெட்டிக்காரி நான்தான். அப்படி நானே பட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தர் போனாக வாங்கினேன். சிவப்பு நாள் கண்ணில் பட்டால் அழித்தேன். பச்சையை மட்டும் அனுப்பினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. இத்தனை வருடம் ஃபேக்டரியில் இருந்த எங்களுக்குச் சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். அது கேட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது. அதிலும் இது தானம். கோயிலுக்குக் கொடுக்கும் பழத்தில் அடிபட்டதை எடுத்துவிட்டுத்தானே கொடுப்போம்? என் போனில் ஆறு நாள் சிவப்பு. அதையும் அழித்தேன். இருபத்திரண்டு பேருடையதையும் பளிச்சென்று அனுப்பி முடித்தபோது, ஆடிட்டுக்குத் தரையைத் துடைத்து வைத்தது போல நிம்மதியாக இருந்தது.

அக்கா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கடைசியாக வந்தாள்.

"குடுக்கா. செவப்ப எடுத்துட்டு அனுப்பிடறன்" என்று கையை நீட்டினேன்.

அவள் போனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னாத்த எடுத்துட்டு?"

"செவப்ப."

"எத்தன பேருது இப்பிடிப் பண்ண?"

"எல்லாருதும்."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தெலுங்கில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை, எண்ணிக்கை இல்லை என்று மட்டும் தெரிந்தது. பிறகு தமிழுக்கு வந்தாள்.

"ஏண்டி, நல்ல காத எண்ணவா அந்தப் புள்ள பெங்களூர்ல இருந்து வந்துச்சு? கெட்டது எங்க கெட்டுச்சு, எப்பிடிக் கெட்டுச்சுன்னு பாக்கத்தான வந்துச்சு? அது கேட்டதே ரிஜெக்ட்டத்தான்! அத எடுத்துட்டு என்னாத்தக் குடுத்த?"

எனக்குப் பொறி தட்டியது. ஆனால் அதற்குள் ஷிப்டு முடிந்த மணி அடித்து, எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கக் கலைந்துவிட்டார்கள். "அந்தப் புள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிடு" என்றாள் அக்கா. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் எப்படிச் சொல்வது? இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, கடைசியில் மறந்தே போய்விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குப் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அக்கா என் கண்ணெதிரேதான் அவள் போனைத் திறந்தாள். முதல் வரிசை சிவப்பு. இரண்டாவது வரிசையும் சிவப்பு. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நாற்பது நாளும் சிவப்பு. ஒரு பச்சைகூட இல்லை.

"போன் ரிப்பேராக்கா?" என்றேன்.

"போனு நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, கொடு என்ற பட்டனை அழுத்தினாள்.

பஸ்ஸில் அன்றைக்கு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சானமாவு தாண்டியது. பிறகு, பக்கத்தில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே மறந்துபோனவள் மாதிரி, வெளியே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருசமாவே இப்பிடித்தான். பேசறது கேக்குது. கணீருங்கறது மட்டும் கேக்க மாட்டேங்குது. எல்லா பீஸும் டொக்கு டொக்குங்குது. மொதல்ல வார்ப்புதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சன். அப்புறம் எம்பொண்ணு கோயம்புத்தூர்ல இருந்து வாய்ஸ் மெசேஜு போட்டுது. மூணு தடவ போட்டுக் கேட்டும் பாதிதான் புரிஞ்சுது. அப்பத்தான் தெரிஞ்சுது, வார்ப்பு நல்லாத்தான் இருக்குதுன்னு."

தோளில் விழுந்த ஒவ்வொரு இடியும் ஞாபகம் வந்தது. அவள் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை. என் காதைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தாள். கேட்க முடியாததையெல்லாம் சந்தேகம் என்று சிவப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு, நாங்கள் பேசியதையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா பெஞ்சு போயிடும். பெஞ்சு போனா வேல போயிடும். காண்ட்ராக்ட்டுக்காரிக்கு வேற எங்க எடம் குடுப்பாங்க?" ஜன்னல் கம்பியை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "திங்கக்கெழம சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடப்போறன்" என்றாள்.

நான் பதறிப்போனேன். "எதுக்குக்கா? நாந்தான் பக்கத்துல இருக்கறனே. நீ தட்டு, நான் கேட்டுச் சொல்றன். இனிமே கத்தமாட்டன். சத்தியமா."

"நீ லீவு போட்ட அன்னிக்கு?"

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ லீவு போட்டா பூரா செவப்புதான் போடறன். அவரும் திட்டறாரு. ஒரு நாளைக்கு அந்தத் திட்டுக்குப் பயந்துகிட்டு ஒரு டொக்க, போ சாமின்னு தள்ளிட்டன்னு வெய்யி. அந்த வண்டில யாரு போவாங்களோ." கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "இத்தன நாளும் வாய் வரல. இன்னிக்கு அந்தப் பட்டன அமுக்கனப்பத்தான் தோணுச்சு. பேரு ஊரு தெரியாதவங்களுக்கு நெசத்தக் குடுத்துட்டன். தெனம் மூஞ்சியப் பாக்கற மனுசன்கிட்ட மறைச்சு வெச்சிருக்கறன். அது என்னா நாயம்?"

திங்கட்கிழமை சொன்னாள். சூப்பர்வைசர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்து, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்று மட்டும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை. கம்பெனி அவள் காதைப் பரிசோதிக்க அனுப்பியது. கொஞ்ச நாள் பேக்கிங்கில் போட்டார்கள். அந்த வருடக் காண்ட்ராக்ட் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அக்கா ராயக்கோட்டை தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். "தக்காளிக்குக் கண்ணு போதும்" என்றாள். அவள் பெஞ்சில் என்னை உட்காரவைத்தார்கள். அடைப்பானைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, அவள் சுத்தியைக் கையில் எடுத்தேன்.

ஒரு வருடம் போயிருக்கும். அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் மறுபடி கேன்டீனுக்கு வந்தாள், நன்றி சொல்ல. லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். உயரம் உயரமாகப் பச்சைக் கம்பங்கள்.

"உங்க ஷாப்ல எல்லாருக்கும் காது சூப்பரா இருக்கு. நாங்களே எதிர்பார்க்கலை. இவ்வளவு சத்தத்துலயும் பாதிப்பு கம்மின்னு எழுதிட்டிருக்கோம்." பிறகு சிரித்தாள். "ஒரே ஒரு நம்பர் மட்டும் நாப்பது நாளும் சிவப்பு. மத்தவங்க எல்லாம் பச்சையா இருக்கறப்ப ஒண்ணு மட்டும் அப்படி வராது இல்லையா? போன் ரிப்பேர்ன்னு நெனச்சு எடுத்து ஓரமா வெச்சிட்டோம்."

என் கையிலிருந்த டீ ஆறிப்போனது. வேலையைப் பணயம் வைத்து அவள் கொடுத்த ஒரே நிஜத்தை, ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அதற்குச் சிவப்புக் கோடு இழுத்தது அந்தப் பெண் இல்லை. நான். என்னுடைய பச்சைக்கும், நான் துடைத்து அனுப்பிய இருபத்தொரு பச்சைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவள் பொய்யாகத்தான் தெரிவாள்.

எழுந்து நின்றேன். "மேடம், அந்த ஒண்ணுதான் நெசம். மிச்ச எல்லாத்துலயும் செவப்ப நான் அழிச்சன். இவங்க யாருக்கும் இதுல தப்பு இல்ல. நாந்தான் பண்ணன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "அழிச்சீங்களா? சிலருக்கு நாள் கம்மியா இருந்துச்சு. லீவுன்னு நெனச்சோம்" என்றாள். "ஏன்?"

"செவப்பு வெளிய போகக்கூடாதுன்னு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில், சிவப்புப் பெட்டிப் பொருள் வெளியே செல்லக்கூடாது என்ற போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படித்தாள். லேப்டாப்பை மூடினாள். "எங்க தப்பும்தான்" என்றாள். "அந்தக் கலர் வெச்சிருக்கவே கூடாது."

"ஓரமா வெச்சது இருக்குதா மேடம்? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இருக்கு. எதையும் அழிக்கமாட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி நாற்பது நாள் கொடுக்கமுடியுமா என்று அவள் கேட்டாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிவப்பு தெரிந்துபோனால் வேலைக்கு ஆபத்து என்று ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, கண்ணெதிரே ஒருத்தி போயிருக்கிறாள். பெயர் இருக்காது என்று அந்தப் பெண் மறுபடி விளக்கினாள். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "அக்கா அன்னிக்கு இதே பெஞ்சுலதான் உக்காந்து குடுத்துச்சு." பதினாறு பேர் கை தூக்கினார்கள்.

இந்த முறை யார் போனையும் நான் தொடவில்லை. நாற்பதாவது நாள் என்னுடையதைத் திறந்தேன். போன தடவை ஆறு சிவப்பு. இப்போது பதினேழு. சுத்தியோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த ஒரே வருடத்தில். அழிக்கும் குறி கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. விரல் அங்கே போகவில்லை என்று சொன்னால் பொய். போனது. நின்றது. பிறகு, கொடு என்பதை அழுத்தினேன். நேராகச் சூப்பர்வைசரிடம் போய் பதினேழையும் சொன்னேன். தட்டிக் கேட்கும் பெஞ்சை கிரைண்டிங் பக்கத்திலிருந்து எடுத்து, சுற்றிலும் அடைப்புப் போட்ட ஒரு ரூமில் வைக்கவேண்டும் என்றும், இல்லாவிட்டால் எனக்கு அடுத்து வருகிறவளும் இப்படித்தான் வந்து நிற்பாள் என்றும் சொன்னேன். மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். போன தடவை மாதிரி கையை விரிக்கவில்லை, எழுதி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவுக்குப் போன் போட்டேன். மண்டி இரைச்சலில் அவள் ஹலோ ஹலோ என்று கத்தினாள். நானும் கத்தினேன். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டம்க்கா! செவப்பையும் சேத்து!"

"என்னாது?"

"செவப்பு! செவப்பையும் சேத்துக் குடுத்துட்டம்! உன்னுதத் திருப்பி எடுத்துச் சேத்துட்டாங்க! உன்னுது நெசம்னு எழுதறாங்களாம்!"

அந்தப் பக்கம் கூடைகள் இறங்கும் சத்தம் கேட்டது. யாரையோ அதட்டி, சத்தம் போடாதே என்றாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள் போல. குரல் தெளிவாக வந்தது.

"உனக்கு எத்தன?"

"பதினேழு."

"போன தடவ?"

"ஆறு."

அவள் மனதுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது, தெலுங்கில்தான் எண்ணியிருப்பாள். "அழிச்சியா?" என்றாள்.

"இல்லக்கா."

"மேல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்தபோது, கடகடவென்று ஏதோ உலோகச் சத்தம், தராசுத் தட்டாக இருக்கும், அதற்கு நடுவில் அவள் குரல், ஒவ்வொரு நல்ல பீஸுக்கும் சொல்லும் அதே குரல்.

"போ சாமி" என்றாள்.